வகைக்கெழுச் சமன்பாடுகளும் தீர்வுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே y என்பது x-ஐச் சார்ந்த சார்பு. y′ அதன் முதல் வகைக்கெழு, y″ இரண்டாம் வகைக்கெழு. காலம் சாரா மாறியாக வரும் இடங்களில் x-க்குப் பதில் t. A, B, C ஆகியவை மாறிலிகள். log என்று எழுதியிருப்பது e அடிமானம் கொண்ட இயல் மடக்கை.

வகைக்கெழுச் சமன்பாடு என்றால் என்ன? வழக்கமான சமன்பாட்டிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

x² − 5x + 6 = 0 என்ற சமன்பாட்டில் நாம் தேடுவது எண். 2, 3 என்ற விடைகள் கிடைத்ததும் வேலை முடிந்தது. y′ = 2y என்ற சமன்பாட்டில் தேடுவது ஒரு முழுச் சார்பு: எந்தச் சார்பை வகையிட்டால் அதுவே இரு மடங்காகத் திரும்பி வரும்? y = e^(2x) அப்படி வரும். y = 7e^(2x) என்பதும் வரும்.

இயற்கை விதிகள் பலவும் இந்த வடிவில் அமைவதற்குக் காரணம் உண்டு. ஒரு பொருள் இன்னும் ஒரு மணி நேரத்தில் எங்கே இருக்கும் என்று நேரடியாகச் சொல்ல விதி எதுவும் கிடையாது. இந்த நொடியில் அது இருக்கும் நிலைக்கு ஏற்ப எவ்வளவு வேகமாக மாறுகிறது என்றுதான் விதி சொல்லும். நியூட்டனின் இரண்டாம் விதியில் வரும் முடுக்கம், இடப்பெயர்ச்சியின் இரண்டாம் வகைக்கெழு. கதிரியக்கச் சிதைவில் சிதையும் வேகம், மீதமிருக்கும் அணுக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதம். மாறும் வேகத்திலிருந்து முழுப் பாதையை மீட்டெடுப்பதைத்தான் ‘தீர்த்தல்’ என்கிறோம்.

ஒரு சார்பு உண்மையிலேயே தீர்வுதானா என்று எப்படிச் சரிபார்ப்பது?

வகையிட்டு, சமன்பாட்டில் பிரதியிடுங்கள். y = sin 2x என்பது y″ + 4y = 0 என்பதன் தீர்வா? y″ = −4 sin 2x. இதனுடன் 4 sin 2x-ஐக் கூட்டினால் எல்லா x மதிப்புக்கும் 0. ஆகவே தீர்வுதான். ஏதோ ஒன்றிரண்டு x மதிப்புகளுக்கு மட்டும் பொருந்தினால் போதாது. ஓர் இடைவெளி முழுவதும் பொருந்த வேண்டும்.

தீர்வைக் கண்டுபிடிக்க ஒரு பக்கம் முழுக்கக் கணக்கிட வேண்டியிருக்கலாம். சரிபார்க்க இரண்டு வரி போதும். கணிதத்தில் இந்த வசதி எல்லாப் பகுதிகளிலும் கிடைப்பதில்லை. இதைப் பயன்படுத்தாமல் விடைத்தாளை மூடி வைப்பது பெரிய இழப்பு. கீழே சொல்லியிருக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வரிச் சோதனையிலேயே அகப்பட்டுவிடும்.

வரிசை, படி: இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது எப்படி?

சமன்பாட்டில் உள்ள மிக உயர்ந்த வகைக்கெழு எத்தனையாவது என்பது வரிசை. அந்த உயர்ந்த வகைக்கெழுவின் அடுக்கு எவ்வளவு என்பது படி. (y″)³ + (y′)⁴ + y = 0 என்பதில் வரிசை 2, படி 3. y′-இன் அடுக்கு 4 ஆக இருப்பது இங்கே பொருட்டில்லை.

படியைச் சொல்வதற்கு முன் வகைக்கெழுக்கள் மீதுள்ள மூலக்குறிகளையும் பின்ன அடுக்குகளையும் நீக்க வேண்டும். y″ = (1 + (y′)²)^(3/2) என்பதன் இருபுறமும் வர்க்கப்படுத்தினால் (y″)² = (1 + (y′)²)³. எனவே படி 2. sin(y′) அல்லது e^(y′) போன்ற உறுப்பு இருந்து, சமன்பாட்டை வகைக்கெழுக்களின் பல்லுறுப்புக் கோவையாக எழுத முடியாவிட்டால் படி வரையறுக்கப்படாது. வரிசை அப்போதும் உண்டு.

நடைமுறையில் அதிகம் பயன்படுவது வரிசைதான். பொதுத் தீர்வில் எத்தனை மாறிலிகள் வரும், எத்தனை நிபந்தனைகள் தேவை என்பதை அதுவே முடிவு செய்கிறது.

பொதுத் தீர்வு, குறிப்பிட்ட தீர்வு, தனித் தீர்வு என்பவை எவை?

ஒவ்வொரு தொகையிடலும் ஒரு மாறிலியைக் கொண்டுவரும். n வரிசைச் சமன்பாட்டின் பொதுத் தீர்வில் ஒன்றையொன்று சாராத n மாறிலிகள் இருக்கும். y′ = 2y-க்கு அது y = Ce^(2x). y(0) = 7 என்று நிபந்தனை கொடுத்தால் C = 7 ஆகிக் குறிப்பிட்ட தீர்வு கிடைக்கும்.

தனித் தீர்வு இவற்றில் சேராதது. C-க்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் அது பொதுத் தீர்விலிருந்து வராது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் கிளெரோ 1734-இல் ஆராய்ந்த வகையைச் சேர்ந்த y = xy′ + (y′)² என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பொதுத் தீர்வு y = Cx + C², அதாவது நேர்கோடுகளின் குடும்பம். ஆனால் y = −x²/4 என்ற பரவளையமும் தீர்வாகிறது. y′ = −x/2 என்று பிரதியிட்டால் −x²/2 + x²/4 = −x²/4. அந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு கோடும் இந்தப் பரவளையத்தைத் தொட்டுச் செல்கிறது.

முதல் வரிசைச் சமன்பாட்டைப் பார்த்ததும் எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் y′ = … என்ற வடிவில் எழுதுங்கள். வலப்புறத்தை ‘x மட்டும் உள்ள காரணி × y மட்டும் உள்ள காரணி’ என்று பிரிக்க முடிந்தால் மாறிகளைப் பிரிக்கும் முறை. முடியாவிட்டால் y, y′ இரண்டும் முதல் அடுக்கில் மட்டும், ஒன்றோடொன்று பெருக்கப்படாமல் வருகின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் அது நேரியல் சமன்பாடு, தொகையீட்டுக் காரணி போதும். அதுவும் இல்லையென்றால் வலப்புறம் y/x என்ற விகிதத்தை மட்டும் சார்ந்ததா என்று சோதியுங்கள். சார்ந்ததானால் அது சமபடித்தான சமன்பாடு. கடைசியாக M dx + N dy = 0 என்று எழுதி, M-ஐ y-ஐப் பொறுத்தும் N-ஐ x-ஐப் பொறுத்தும் பகுதி வகையிட்டால் (மற்ற மாறியை மாறிலியாகக் கொண்டு வகையிட்டால்) ஒரே கோவை கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அது துல்லியச் சமன்பாடு.

பல சமன்பாடுகள் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளில் அடங்கும். y′ = 2xy பிரிக்கவும் தக்கது, நேரியலும்கூட. எளிதான வழியில் செல்லுங்கள்.

மாறிகளைப் பிரிக்கும்போது எங்கே தவறு நேர்கிறது?

மூன்று இடங்களில்.

y′ = 2xy என்பதை எடுத்துக்கொள்வோம். பிரித்தால் dy/y = 2x dx. தொகையிட்டால் log|y| = x² + c. இங்கிருந்து பலர் y = e^(x²) + C என்று எழுதிவிடுகிறார்கள். இது தவறு. மாறிலியைத் தொகையிட்ட அந்த வரியிலேயே சேர்க்க வேண்டும். பிறகு அடுக்குக்குறிக்கு மாறும்போது அது பெருக்கலாகிவிடும்: y = Ae^(x²). தவறான விடையைப் பிரதியிட்டுப் பாருங்கள். இடப்புறம் 2xe^(x²), வலப்புறம் 2xe^(x²) + 2xC. C = 0 ஆனால் ஒழிய இரண்டும் ஒத்துப்போவதில்லை.

இரண்டாவது, மட்டுக்குறி. log|y| என்பதை log y என்று எழுதினால் குறை மதிப்புள்ள தீர்வுகள் எல்லாம் காணாமல் போகும். A = ±e^c என்று எடுத்துக்கொண்டால்தான் அவையும் உள்ளே வரும்.

மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாமல் நழுவுவது. y-ஆல் வகுக்கும்போது y ≠ 0 என்று நாம் மறைமுகமாக ஒப்புக்கொள்கிறோம். y′ = y² என்பதைப் பிரித்துத் தீர்த்தால் y = −1/(x + C). ஆனால் y = 0 என்ற மாறிலிச் சார்பும் தீர்வுதான், அது இந்த வாய்பாட்டில் இல்லை. தொடக்க நிபந்தனை y(0) = 0 என்று வந்தால், C-க்கு எந்த மதிப்பும் ஒத்துவராமல் திணற வேண்டியிருக்கும். எதனால் வகுக்கிறோமோ அதைச் சுழியாக்கும் y மதிப்புகளை முதலிலேயே ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரியல் சமன்பாட்டில் தொகையீட்டுக் காரணி எப்படி வேலை செய்கிறது?

y′ + P(x)y = Q(x) என்ற சமன்பாட்டை ஒரு சார்பால் பெருக்கி, இடப்புறம் முழுவதையும் ஒரே பெருக்கலின் வகைக்கெழுவாக மாற்றுகிறோம். அந்த வேலையைச் செய்யும் சார்பு e^(∫P dx). பெருக்கிய பின் இடப்புறம் (காரணி × y)′ ஆகிவிடும். இருபுறமும் தொகையிட்டால் போதும்.

xy′ + 2y = x³, x > 0 என்பதைத் தீர்ப்போம். முதலில் x-ஆல் வகுக்க வேண்டும்: y′ + (2/x)y = x². இப்போது P = 2/x. தொகையீட்டுக் காரணி e^(2 log x) = x². பெருக்கினால் (x²y)′ = x⁴. தொகையிட்டால் x²y = x⁵/5 + C. ஆக y = x³/5 + C/x².

முதல் படியில் வகுக்க மறந்தால் P = 2 என்று எடுத்து e^(2x)-ஆல் பெருக்குவீர்கள், இடப்புறம் ஒரே வகைக்கெழுவாக மாறாது. y′-இன் கெழு 1 ஆக இருக்க வேண்டும் என்பது இம்முறையின் உயிர்நாடி. அடுத்த பிழை, கடைசி வரியில் x²-ஆல் வகுக்கும்போது C-ஐ வகுக்காமல் விட்டு y = x³/5 + C என்று எழுதுவது. இன்னொன்று, e^(2 log x)-ஐ 2x என்று சுருக்குவது. 2 log x = log x² என்பதால் அது x².

சமபடித்தான சமன்பாடு?

y = vx என்று பிரதியிடுங்கள். அப்போது y′ = v + xv′, சமன்பாடு v, x என்று பிரிக்கத்தக்கதாகிவிடும். y′ = (x² + y²)/(2xy) என்பதில் xv′ = (1 − v²)/(2v) கிடைக்கும். தொகையிட்டு v-ஐ y/x ஆக மாற்றினால் x² − y² = Cx. வெறும் y′ = v என்று எழுதிவிடுவதே இங்கே வழக்கமான தவறு. v-உம் x-ஐச் சார்ந்து மாறுகிறது என்பதை மறக்கக் கூடாது.

சொற்கணக்கைச் சமன்பாடாக மாற்றுவது எப்படி? அங்கேதான் சிக்கிக்கொள்கிறேன்.

பெரும்பாலோருக்கு இதுதான் கடினமான கட்டம். ‘மாறும் வேகம் = உள்ளே வருவது − வெளியே போவது’ என்ற ஒரே வரியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் அலகு எழுதிப் பாருங்கள்.

200 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் 100 லிட்டர் தூய நீர் இருக்கிறது. லிட்டருக்கு 20 கிராம் உப்புள்ள கரைசல் நிமிடத்துக்கு 5 லிட்டர் உள்ளே வருகிறது. நன்கு கலந்த நீர் அதே வேகத்தில் வெளியேறுகிறது. t நிமிடத்தில் உள்ள உப்பு S கிராம் என்போம். உள்ளே வருவது 5 × 20 = 100 கிராம்/நிமிடம். வெளியே போவது 5 × (S/100) = S/20 கிராம்/நிமிடம். ஆகவே S′ = 100 − S/20, S(0) = 0.

தீர்ப்பதற்கு முன்பே ஒரு விஷயம் தெரிந்துவிடும். S = 2000 ஆனால் S′ = 0, அதாவது உப்பு 2000 கிராமை நோக்கிச் செல்லும். உள்ளே வரும் கரைசலின் செறிவும் 100 லிட்டருக்கு அதே 2000 கிராம்தான். சமன்பாடு சரியாக அமைந்திருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். தீர்வு S = 2000(1 − e^(−t/20)). 20 நிமிடத்தில் சுமார் 1264 கிராம். பாதி அளவான 1000 கிராமை எட்ட 20 × log 2, அதாவது ஏறத்தாழ 13.9 நிமிடம்.

இனி வெளியேறும் வேகத்தை மட்டும் 3 லிட்டராகக் குறைத்துப் பாருங்கள். இப்போது தொட்டியின் நீர் 100 + 2t லிட்டர். S/100 என்று பழையபடியே எழுதினால் முழுக்கணக்கும் பிழையாகும். சரியான சமன்பாடு S′ = 100 − 3S/(100 + 2t). இதைப் பிரிக்க முடியாது, ஆனால் நேரியல். தொகையீட்டுக் காரணி (100 + 2t)^(3/2). தீர்வு S = 20(100 + 2t) − 2000000/(100 + 2t)^(3/2). தொட்டி 50 நிமிடத்தில் நிரம்பிவிடும். அப்போது உப்பு ஏறத்தாழ 3293 கிராம். t = 60 என்று போட்டாலும் வாய்பாடு ஓர் எண்ணைத் தரும். ஆனால் தொட்டி வழியத் தொடங்கிய பிறகு அந்த எண்ணுக்குப் பொருளில்லை. 0 ≤ t ≤ 50 என்ற இடைவெளியும் விடையின் ஒரு பகுதி.

இரண்டாம் வரிசை, மாறிலிக் கெழுக்கள் கொண்ட சமன்பாட்டை எப்படித் தீர்ப்பது?

y″ + ay′ + by = 0 என்பதில் y = e^(mx) என்று முயன்றால் m² + am + b = 0 என்ற துணைச் சமன்பாடு கிடைக்கும். மூலங்கள் இரண்டும் வேறுபட்ட மெய்யெண்களானால் y = Ae^(m₁x) + Be^(m₂x). p ± qi என்ற கலப்பெண்களானால் y = e^(px)(A cos qx + B sin qx). சமமானால் y = (A + Bx)e^(mx).

மூன்றாவது வகையில் x ஏன் நுழைகிறது? y″ − 4y′ + 4y = 0 என்பதில் மூலங்கள் 2, 2. Ae^(2x) + Be^(2x) என்று எழுதினால் அது (A + B)e^(2x), உண்மையில் ஒரே மாறிலிதான். y(0), y′(0) இரண்டையும் விருப்பப்படி அமைக்க அது போதாது. xe^(2x) சமன்பாட்டை நிறைவு செய்கிறது, e^(2x)-இன் மடங்கும் இல்லை. அதனால் அது இரண்டாவது தீர்வாகிறது.

இந்த மூன்று நிலைகளையும் சுருள்வில்லில் தொங்கும் நிறையில் நேராகவே பார்க்கலாம். நிறை 1 கிலோகிராம், வில் மாறிலி 25 நியூட்டன்/மீட்டர், தடுப்புக் கெழு c என்றால் y″ + cy′ + 25y = 0. c < 10 எனில் அலைந்தபடியே அடங்கும். c > 10 எனில் அலையாமல் மெதுவாகத் திரும்பும். c = 10-இல் அலைவின்றி மிக விரைவாக அடங்கும். தடுப்பே இல்லாவிட்டால் அலைவு நேரம் 2π/5, சுமார் 1.26 நொடி.

வலப்புறம் சுழியாக இல்லாமல் ஒரு சார்பு இருந்தால்?

முதலில் வலப்புறத்தைச் சுழியாக்கினால் வரும் பொதுத் தீர்வை, அதாவது நிரப்புச் சார்பைக் காணுங்கள். பிறகு முழுச் சமன்பாட்டை நிறைவு செய்யும் ஏதாவது ஒரு சார்பைக் கண்டு அதனுடன் கூட்டுங்கள். இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது, காரணம் இதோ. y″ − y = e^x என்பதில் y = ke^x என்று முயன்றால் இடப்புறம் 0 ஆகிவிடும், k எதுவானாலும் பயனில்லை. e^x ஏற்கெனவே நிரப்புச் சார்பில் இருக்கிறது. x-ஆல் பெருக்கி y = kxe^x என்று முயன்றால் 2ke^x = e^x, k = 1/2.

இந்த x வெறும் உத்தி அல்ல. மேலே சொன்ன வில்லை, தடுப்பு இல்லாமல், அதன் சொந்த அதிர்வெண்ணிலேயே தள்ளினால் y″ + 25y = cos 5t. குறிப்பிட்ட தீர்வு (t/10) sin 5t. வீச்சு நேரத்தோடு வளர்ந்துகொண்டே போகிறது. ஒத்ததிர்வு என்பது இதுதான்.

தொடக்க நிபந்தனை, எல்லை நிபந்தனை: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஒரே புள்ளியில் y, y′ இரண்டையும் கொடுத்தால் தொடக்க நிபந்தனை. இரு வேறு புள்ளிகளில் y-ஐக் கொடுத்தால் எல்லை நிபந்தனை. y″ + y = 0, y(0) = 0 என்பதன் தீர்வு y = B sin x. y(π/2) = 1 என்று சேர்த்தால் ஒரே தீர்வு. y(π) = 0 என்று சேர்த்தால் B எதுவாகவும் இருக்கலாம், எண்ணற்ற தீர்வுகள். y(π) = 1 என்றால் தீர்வே இல்லை.

தொடக்க நிபந்தனை கொடுத்தால் ஒரே ஒரு தீர்வு கட்டாயம் கிடைக்குமா?

y′ = f(x, y) என்பதில் f-உம், y-ஐப் பொறுத்த அதன் பகுதி வகைக்கெழுவும் தொடக்கப் புள்ளியைச் சுற்றித் தொடர்ச்சியாக இருந்தால் கிடைக்கும். ஆனால் அந்தப் புள்ளிக்கு அருகில் மட்டுமே உத்தரவாதம்.

நிபந்தனை உடைந்தால் என்ன ஆகும்? y′ = 3y^(2/3), y(0) = 0 என்பதற்கு y = 0 தீர்வு, y = x³ என்பதும் தீர்வு. y = 0-இல் பகுதி வகைக்கெழு எல்லையற்றதாவதே காரணம்.

நிபந்தனை சரியாக இருந்தும் தீர்வு தொலைவு செல்லாமல் போகலாம். y′ = y², y(0) = 1 என்பதன் தீர்வு y = 1/(1 − x). x = 1-ஐ நெருங்கும்போது அது முடிவிலிக்கு ஓடிவிடும். சமன்பாட்டைப் பார்த்தால் x = 1-இல் எந்தத் தடையும் தெரியாது. x = 2-இல் வாய்பாடு −1 என்று காட்டும் மதிப்பு இந்தத் தீர்வைச் சேர்ந்ததல்ல.

வாய்பாடாகத் தீர்க்கவே முடியாத சமன்பாடுகள் உண்டா?

நிறைய உண்டு. y′ = x² + y² என்ற எளிய தோற்றமுள்ள சமன்பாட்டின் பொதுத் தீர்வை அடிப்படைச் சார்புகளாலும் அவற்றின் தொகையீடுகளாலும் எழுத முடியாது. 1841-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லியூவில் நிறுவிய முடிவு இது. பாடப்புத்தகக் கணக்குகள் எல்லாம் தீருவதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. நடைமுறையில் வருபவை பெரும்பாலும் அப்படி அமைவதில்லை.

வாய்பாடு இல்லாமலும் தீர்வைப் பற்றி நிறையச் சொல்லலாம். பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹல்ஸ்ட் 1838-இல் முன்வைத்த மக்கள்தொகைச் சமன்பாடு P′ = rP(1 − P/K), இங்கே P மக்கள்தொகை, r, K இரண்டும் மிகை எண்கள். P = 0, P = K இரண்டிலும் P′ = 0. இடையில் P′ மிகை, K-க்கு மேல் குறை. ஆகவே சுழிக்கு மேல் எங்கே தொடங்கினாலும் K-ஐ நோக்கியே செல்லும். தொகையிடாமலேயே நீண்டகால விடை கைக்கு வந்துவிட்டது.

எண்முறையில் தீர்ப்பது எப்படி? எவ்வளவு நம்பலாம்?

ஆய்லர் முறையே எளியது. படிநீளம் h என்றால், புதிய y = பழைய y + h × (பழைய புள்ளியில் y′). y′ = y, y(0) = 1 என்பதில் x = 1-இல் சரியான மதிப்பு 2.71828. h = 0.1 என்றால் 2.5937 கிடைக்கும். h = 0.05 என்றால் 2.6533. படிநீளத்தைப் பாதியாக்கினால் பிழையும் ஏறத்தாழப் பாதியாகிறது. ஜெர்மானியக் கணிதவியலாளர்கள் ரூங்கே, குட்டா ஆகியோர் 1895, 1901 ஆண்டுகளில் உருவாக்கிய முறைகளில் நான்காம் வரிசையுடையது, ஒரு படிக்கு நான்கு இடங்களில் சாய்வைக் கணக்கிடும். அதே h = 0.1-க்கு 2.71828 வரை சரியாகத் தரும்.

விடையை நம்ப ஒரு நடைமுறை வழி: h-ஐப் பாதியாக்கி மீண்டும் கணக்கிடுங்கள். தேவையான தசம இடங்கள் மாறாமல் நின்றால் ஏற்கலாம்.

ஆனால் சில சமன்பாடுகளில் ஆய்லர் முறை துல்லியம் குறைவதோடு நிற்காமல் முற்றிலும் சிதறிவிடும். y′ = −50y, y(0) = 1 என்பதன் தீர்வு வேகமாகச் சுழியை நெருங்குகிறது. h = 0.05 என்றால் ஒவ்வொரு படியிலும் y-ஐ 1 − 50 × 0.05 = −1.5-ஆல் பெருக்குகிறோம்: 1, −1.5, 2.25, −3.375 என்று குறி மாறி மாறிப் பெருகும். தீர்வு அடங்க வேண்டுமானால் h, 0.04-க்குக் குறைவாக இருக்க வேண்டும். இந்த மதிப்பு சமன்பாட்டின் கெழுவிலிருந்து வருவது, 2/50. வேகமாக அடங்கும் பகுதியும் மெதுவாக மாறும் பகுதியும் ஒரே அமைப்பில் கலந்திருக்கும் வேதிவினைக் கணக்குகளில், வேகமான பகுதி அடங்கி முடிந்த பிறகும் சிறிய படிகளிலேயே நகரும் கட்டாயம் வரும். அங்கே புதிய புள்ளியின் சாய்வைப் பயன்படுத்தும் பின்னோக்கு ஆய்லர் முறைக்கு மாறுங்கள். அதே h = 0.05-க்கு அது ஒவ்வொரு படியிலும் 1/3.5-ஆல் பெருக்கும், விடை அடங்கியே செல்லும். அதற்கான செலவு, நேரியல் அல்லாத சமன்பாடுகளில் ஒவ்வொரு படியிலும் ஓர் இயற்கணிதச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியிருப்பது.